ஓபெத் புதிய ஆல்பம்: க்ரௌல் திரும்பிவிட்டது, பழைய ஓபெத் திரும்பியதா?

#1 மழைக்கால ரிஃப்

ஸ்வீடன் மெட்டல் குழுவான ஓபெத்தின் பதினான்காவது ஆல்பம் ‘தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்’ 2024 நவம்பர் 22 அன்று வந்தது. அன்றிலிருந்து எங்கே பார்த்தாலும் ஒரே பேச்சு: பாடகரும் கிடாரிஸ்ட்டுமான மிகேல் ஓகர்ஃபெல்ட் மறுபடியும் க்ரௌல் (அடித்தொண்டை உறுமல்) செய்கிறார், பழைய ஓபெத் வந்துவிட்டது. 2008-இல் வந்த ‘வாட்டர்ஷெட்’டுக்குப் பிறகு ஓபெத் ஸ்டூடியோ ஆல்பம் ஒன்றில் அவர் உறுமுவது இதுதான் முதல் முறை, அதனால் அந்தச் சந்தோஷம் புரிகிறது. ஆனால் ஆல்பத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டபிறகு எனக்கு வேறு மாதிரிதான் தோன்றுகிறது. க்ரௌல் வந்திருக்கிறது. பழைய ஓபெத் வரவில்லை. வராததால்தான் இந்த ஆல்பம் இவ்வளவு நன்றாக இருக்கிறது என்பது என் கட்சி.

ஏன் என்று சொல்கிறேன். ‘ப்ளாக்வாட்டர் பார்க்’ ஆல்பத்தின் தலைப்புப் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு நிமிடம். ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிடார் துணுக்கு) வருகிறது, தங்குகிறது, நம்மை உள்ளே இழுக்கிறது, நடுவில் அகூஸ்டிக் கிடார் மட்டும் தனியாக நீண்ட நேரம் சுற்றுகிறது, பிறகு சுவர் இடிந்து விழுவதுபோல் எல்லாம் திரும்பி வருகிறது. அதன் பலமே பொறுமைதான். புதிய ஆல்பத்தில் அந்தப் பொறுமை கிடையாது. பாடல்கள் எல்லாம் ஐந்து நிமிடத்திலிருந்து ஏழரை நிமிடத்துக்குள் முடிகின்றன. ஒரு ரிஃப் வந்து நாம் தலையாட்டத் தொடங்குவதற்குள் தந்தி இசை நுழைகிறது, அதை வெட்டிக்கொண்டு ஒரு பேச்சுக் குரல், அப்புறம் க்ரௌல், உடனே சுத்தமான குரல். இந்த வெட்டி ஒட்டும் பாணி 2019-இல் வந்த ‘இன் காடா வெனினம்’ ஆல்பத்தில் வளர்ந்தது. அந்த ஆல்பத்தின் நேர் வாரிசு இது. ‘வாட்டர்ஷெட்’டின் தொடர்ச்சி இல்லை.

க்ரௌல் எதற்கு வருகிறது என்பதையும் கவனியுங்கள். கதை முதல் உலகப்போருக்குப் பிந்தைய காலத்தில் நடக்கிறது. பெரிய பணக்காரக் குடும்பம், அப்பா செத்துப்போகிறார், மாளிகையில் உயில் வாசிக்கப்படுகிறது. இரட்டைப் பிள்ளைகள் இருக்கிறார்கள். போலியோ பாதித்த ஒரு பெண்ணும் அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள், அவளை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று இரட்டையர்களுக்குப் புரியவில்லை. முதல் ஏழு பாடல்களுக்கும் பெயரே கிடையாது, உயிலில் போடும் பத்திக் குறியும் ஒரு எண்ணும்தான். அந்த உயிலில் பேசுபவர் செத்துப்போன அப்பா. க்ரௌல் அந்தக் கிழவரின் குரலாகவே என் காதில் விழுகிறது. பழைய ஆல்பங்களில் க்ரௌல் ஒரு பாணி, இங்கே அது ஒரு பாத்திரம். உங்கள் கருத்து என்ன?

#2 திருச்சி த்ராஷ்

நண்பா, நன்றாக எழுதியிருக்கிறாய். ஆனால் முழுதாக ஒத்துக்கொள்ள முடியாது.

நான் கேட்ட ஓபெத் ‘ஸ்டில் லைஃப்’, ‘ப்ளாக்வாட்டர் பார்க்’, ‘கோஸ்ட் ரெவரீஸ்’. அந்த ஆல்பங்களில் மென்மையான பகுதி ஏன் அவ்வளவு வலித்தது தெரியுமா? அதற்கு இரண்டு நிமிடம் முன்பு உறுமல் நம்மைத் தரையில் போட்டு மிதித்திருக்கும். அகூஸ்டிக் கிடாரின் ஒவ்வொரு சுரத்துக்கும் அந்த எடையிலிருந்துதான் அர்த்தம் வந்தது. 2011-இல் ‘ஹெரிட்டேஜ்’ வந்தபோது தராசின் ஒரு தட்டையே கழற்றிவிட்டார்கள். க்ரௌல் மட்டும் போகவில்லை. கிடாரின் டிஸ்டார்ஷன் போனது, இரண்டு காலாலும் அடிக்கும் டபுள் பேஸ் ட்ரம் போனது, அடிவயிற்றில் இறங்கும் அந்தக் கனம் போனது. மீதி இருந்தது எழுபதுகளின் ப்ரோக் ராக், நீண்ட, சிக்கலான பாடல்கள் கொண்ட ராக் வகை. அதை எழுபதுகளின் பேண்டுகளே செய்து வைத்திருக்கின்றன, அதற்கு எனக்கு ஓபெத் எதற்கு?

இன்னொன்று. ‘ஹெரிட்டேஜ்’ வந்த புதிதில் மேடையிலும் க்ரௌல் உள்ள பாடல்களை ஒதுக்கி வைத்துவிட்டு, மென்குரல் பாடல்களை மட்டும் வைத்து ஒரு சுற்றுப்பயணம் போனார்கள். காசு கொடுத்து வந்தவர்கள் பழைய பாட்டைக் கேட்டுக் கத்தினார்கள். புதிய ஆல்பம் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், அது கலைஞனின் உரிமை. ஆனால் இருபது வருட உழைப்பையே மேடையிலிருந்து மறைத்தது எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

#3 வயலட் வானம்

திருச்சி அண்ணா, ‘டேம்னேஷன்’ என்ற ஒரு ஆல்பம் இருப்பதை விட்டுவிட்டீர்கள். 2003. ஒரு உறுமல்கூடக் கிடையாது. மெல்லோட்ரான் (நாடாவில் பதிந்த ஓசைகளை எழுப்பும் பழைய கீபோர்டு), அகூஸ்டிக் கிடார், தயாரிப்பாளர் ஸ்டீவன் வில்சனின் கீபோர்டு, முழுக்க மென்மை. அதற்கு முந்தைய வருடம் வந்த ‘டெலிவரன்ஸ்’ஸையும் அதையும் ஒரே காலத்தில்தான் பதிவு செய்தார்கள். கனமானதை ஒரு பக்கம், மென்மையானதை இன்னொரு பக்கம் என்று பிரித்து வைத்தார்கள். அன்று யாரும் துரோகம் என்று சொல்லவில்லை. நான் ஓபெத்துக்குள் வந்ததே ‘டேம்னேஷன்’ வழியாகத்தான். எனக்கு ‘ஹெரிட்டேஜ்’ அதிர்ச்சியே தரவில்லை.

அந்த ஆல்பம் உருவான கதை ஓகர்ஃபெல்டே பல பேட்டிகளில் சொன்னதுதான். முதலில் ‘வாட்டர்ஷெட்’ மாதிரியே இரண்டு மூன்று பாடல்கள் எழுதினார். அவற்றை பேஸ் வாசிக்கும் மார்ட்டின் மெண்டெஸுக்குப் போட்டுக் காட்டினார். மெண்டெஸ், இதே வழியில் போனால் எனக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று சொல்லிவிட்டார். ஓகர்ஃபெல்டுக்கும் உள்ளுக்குள் அதே எண்ணம். எழுதியதைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். விற்பனைக்காக மாறியவர்கள் செய்யும் வேலையா இது? விற்பனைதான் குறி என்றால் இன்னொரு ‘கோஸ்ட் ரெவரீஸ்’ போட்டிருப்பார்கள், எல்லோரும் வாங்கியிருப்போம்.

#4 திருச்சி த்ராஷ்

தங்கச்சி, ‘டேம்னேஷன்’ எனக்கும் பிடிக்கும். ஆனால் அதற்கு ‘டெலிவரன்ஸ்’ என்ற ஜோடி இருந்தது. ‘ஹெரிட்டேஜ்’க்கு ஜோடி வரவில்லை. அடுத்து வந்த மூன்று ஆல்பங்களும் அதே பக்கம்தான். நான் சொல்வது அதைத்தான்.

#5 நெய்தல்77

வணக்கம். இந்த இழையில் வயதில் மூத்தவன் நானாகத்தான் இருப்பேன். நான் ப்ரோக் ராக்கிலிருந்து மெட்டலுக்கு வந்தவன், அதனால் என் காது வேறு பக்கத்திலிருந்து கேட்கிறது.

ஓபெத் 2011-இல் திடீரென்று எழுபதுகளுக்குப் போனார்கள் என்று சொல்வது சரியில்லை. அவர்கள் எப்போதுமே அங்கேதான் ஒரு கால் வைத்திருந்தார்கள். 1998-இல் வந்த ‘மை ஆர்ம்ஸ், யுவர் ஹெர்ஸ்’ என்ற தலைப்பு, கோமஸ் என்ற பழைய பிரிட்டிஷ் ஃபோக் குழுவின் பாடல் வரியிலிருந்து எடுத்தது. ‘ப்ளாக்வாட்டர் பார்க்’ என்பது எழுபதுகளில் ஒரே ஒரு ஆல்பம் போட்டுவிட்டு மறைந்த ஒரு ஜெர்மன் குழுவின் பெயர். நீங்கள் எல்லோரும் டெத் மெட்டலின் உச்சம் என்று கொண்டாடும் ஆல்பத்தின் அட்டையிலேயே ஒரு ப்ரோக் பேண்டின் பெயர் இருக்கிறது. ஓகர்ஃபெல்ட் பழைய இசைத்தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்ப்பவர். அந்த இசை அவருடைய இரத்தத்தில் இருந்தது, 2011-இல் அது வெளியே வந்தது.

‘ஹெரிட்டேஜ்’ஸைத் தயவுசெய்து நல்ல ஹெட்ஃபோன் போட்டு மறுபடி கேளுங்கள். முதல் ட்ராக் வெறும் பியானோ. யான் யோஹான்சன் என்ற ஸ்வீடிஷ் ஜாஸ் கலைஞர் அறுபதுகளில் தன் நாட்டு நாட்டுப்புறப் பாடல்களைப் பியானோவில் மிக எளிமையாக வாசித்து வைத்தார். ஸ்வீடனில் அது வீட்டுக்கு வீடு தெரிந்த இசை. அந்தச் சாயலில்தான் இந்தத் துண்டு. ஓகர்ஃபெல்ட் தன் மண்ணின் சத்தத்தைத் தேடிப் போயிருக்கிறார். ‘ஃபெமின்’ பாடலில் அலெக்ஸ் அகுன்யா தாளவாத்தியம் வாசிக்கிறார், வெதர் ரிப்போர்ட் ஜாஸ் குழுவில் வாசித்த அதே பெரு நாட்டுக்காரர். புல்லாங்குழல் பியோர்ன் யேசன் லிண்ட். ‘ஸ்லிதர்’ பாடல் 2010-இல் மறைந்த மெட்டல் பாடகர் ரோனி ஜேம்ஸ் டியோவுக்குச் செய்த அஞ்சலி. பதிவு செய்தது ஸ்டாக்ஹோமில் அட்லாண்டிஸ் ஸ்டூடியோவில், கலவை ஸ்டீவன் வில்சன். ட்ரம்ஸ் ஓசையைக் கவனியுங்கள், தோல் அதிர்வதே கேட்கும். நவீன மெட்டல் பதிவுகளில் ஒவ்வொரு அடியும் ஒரே அளவில் இறுக்கி அமுக்கப்பட்டிருக்கும். இதில் மெதுவான அடி மெதுவாகவே இருக்கிறது.

ட்ராவிஸ் ஸ்மித் வரைந்த அட்டைப்படத்தைப் பார்த்தீர்களா? ஒரு மரம், அதில் பழங்களாகக் குழுவினரின் தலைகள். அப்போது விலகிக்கொண்டிருந்த கீபோர்டு கலைஞர் பெர் விபெர்க்கின் தலை மட்டும் மரத்திலிருந்து விழுகிறது. மரத்தின் வேர் கீழே நரகத்துக்குள் இறங்குகிறது. அந்த நரகம்தான் அவர்களுடைய டெத் மெட்டல் காலம். மரம் மேலே எங்கே போனாலும் வேர் அங்கேதான் என்று அட்டையிலேயே சொல்லிவிட்டார்கள். மறைத்தார்கள் என்று நான் நினைக்கவில்லை.

#6 பறைக்கட்டை

நான் ட்ரம்ஸ் வாசிப்பவன். இந்த விவாதத்தில் எல்லோரும் குரலையே பேசுகிறீர்கள், பின்னால் உட்கார்ந்திருப்பவரை யாரும் பேசவில்லை.

ஓபெத்தின் ஓசை மாறியதை ட்ரம்மரை வைத்தே பிரிக்கலாம். ‘மை ஆர்ம்ஸ், யுவர் ஹெர்ஸ்’ முதல் ‘கோஸ்ட் ரெவரீஸ்’ வரை மார்ட்டின் லோபஸ். அவர் கையில் ஒரு ஊசலாட்டம் இருக்கும், மிகக் கனமான ரிஃப்பின் கீழேயும் சிம்பலில் ஏதோ மென்மையாகப் பேசிக்கொண்டே இருப்பார். அந்தக் காலத்து நீண்ட பாடல்கள் அலுக்காமல் ஓடியதற்கு அதுவும் ஒரு காரணம். அடுத்து வந்தவர் மார்ட்டின் ஆக்சன்ராட். அவர் ப்ளட்பாத் பேண்டில் வாசித்தவர், கலப்படமில்லாத டெத் மெட்டல் கை. அவரைக் கூட்டிவந்து ‘வாட்டர்ஷெட்’ ஒன்றை முடித்துவிட்டு, அடுத்த நான்கு ஆல்பங்களுக்கு ஜாஸ் மாதிரி வாசிக்கச் சொன்னார்கள். அவர் அதைப் பிரமாதமாகச் செய்தார், அதில் சந்தேகமே இல்லை. ‘தி டெவில்ஸ் ஆர்ச்சர்ட்’ பாடலில் இடது கை செய்யும் சின்னச் சின்ன வேலைகளைக் கேளுங்கள்.

2021-இல் அவர் விலகினார். 2022-இல் ஃபின்லாந்துக்காரர் வால்ட்டெரி வாயரினென் வந்தார். புதிய ஆல்பத்தின் உயிர் இவர்தான் என்பேன். வேகம் இருக்கிறது, ஆனால் வேகத்தைக் காட்டுவதற்காக வாசிக்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது பத்திப் பாடல்களில் தாளம் எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்றே பிடிபடாது. ஆனால் பாட்டு தடுக்கி விழுவதில்லை. உடைத்து உடைத்துப் போகும் இந்தப் பாடல்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது அவர்தான். மழைக்கால ரிஃப் சொன்ன அந்த வெட்டி ஒட்டும் பாணி, சாதாரண ட்ரம்மர் கையில் கிடைத்திருந்தால் குப்பையாகியிருக்கும்.

#7 பனைநிழல்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறன். பறைக்கட்டை அண்ணை வாயரினென் பற்றிச் சொன்னவுடன் ஒன்று ஞாபகம் வந்தது. அவர் இதற்கு முன் பாரடைஸ் லாஸ்டில் வாசித்தவர். உறுமலை விட்டுவிட்டுத் திரும்பி வந்த இன்னொரு பேண்ட் அது.

பாரடைஸ் லாஸ்ட் 1993-இல் ‘ஐகன்’ போட்டபோதே உறுமலைக் குறைக்கத் தொடங்கிவிட்டார்கள். 1999-இல் ‘ஹோஸ்ட்’ வந்தபோது அது மெட்டலே இல்லை, டெபெஷ் மோட் மாதிரி எலக்ட்ரானிக் இசை. ஆட்கள் கொதித்துப் போனார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்துக்குத் திரும்பி, 2015-இல் ‘தி ப்ளேக் வித்தின்’ ஆல்பத்தில் அவர்களுடைய பாடகர் நிக் ஹோம்ஸ் மறுபடி முழுதாக உறுமினார். அதற்குச் சற்று முன்னால் அவர் ப்ளட்பாத்தில் பாடகராகச் சேர்ந்திருந்தார். யாருடைய இடத்துக்கு? ஓகர்ஃபெல்ட் விட்டுப்போன இடத்துக்கு.

கட்டடோனியா என்ற ஸ்வீடிஷ் பேண்டின் கதை வேறு. பாடகர் யோனாஸ் ரெங்க்ஸவுக்குத் தொண்டை ஒத்துழைக்கவில்லை, க்ரௌல் செய்ய முடியாமல் போனது. 1996-இல் வந்த ‘ப்ரேவ் மர்டர் டே’ ஆல்பத்துக்கு நண்பர் ஓகர்ஃபெல்டைக் கூப்பிட்டு உறுமச் சொன்னார்கள். அடுத்த ஆல்பத்திலிருந்து மென்குரல்தான். அங்கே உடம்பு முடிவெடுத்தது. ஓபெத்தில் அப்படி இல்லை. ஓகர்ஃபெல்ட் ‘ஹெரிட்டேஜ்’ காலத்துக்குப் பிறகும் மேடையில் பழைய பாடல்களை உறுமிக்கொண்டேதான் இருந்தார். குரல் போய்விட்டது, அதனால்தான் விட்டார் என்று சில ஆட்கள் கதைப்பது பிழை. முடிந்தும் செய்யாமல் இருந்தார், பிறகு தேவை வந்தபோது செய்தார். எனக்கு அது பெரிய விசயம்.

#8 சிம்பல் செல்வி

2009-இல் ஐஐடி மெட்ராஸ் சாரங் விழாவுக்கு ஓபெத் வந்தபோது போனவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? ‘வாட்டர்ஷெட்’ வந்த சில மாதங்களில். க்ரௌல் காலத்து ஓபெத்தை நம் ஊரிலேயே பார்க்கக் கிடைத்த வாய்ப்பு அது. அப்போது நான் பள்ளிக்கூடம், வீட்டில் விடவில்லை.

#9 திருச்சி த்ராஷ்

போனேன் செல்வி. திறந்தவெளி அரங்கு நிரம்பி வழிந்தது. சென்னையில் அப்படி ஒரு மெட்டல் கூட்டத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. கறுப்புச் சட்டைக்காரர்கள் பெங்களூரிலிருந்தும் கேரளாவிலிருந்தும் ரயில் ஏறி வந்திருந்தார்கள். ஓகர்ஃபெல்ட் பாடல்களுக்கு நடுவில் அமைதியாகப் பேசிவிட்டு, அடுத்த நொடி அந்தக் குரலை எடுப்பார், பக்கத்தில் நின்றவன் என் தோளைப் பிடித்துக்கொண்டான். ஒரே மனிதனிடமிருந்து இரண்டும் வருகிறது என்பதை நேரில் பார்த்தவனுக்கு ஒன்றை எடுத்துவிட்டால் எப்படி இருக்கும்? என் கோபத்தின் ஊற்று அதுதான்.

நெய்தல் ஐயா சொன்னதை மதிக்கிறேன். ‘ஹெரிட்டேஜ்’ஸின் ஓசை அழகு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாடல்கள்? ‘நெப்பென்த்தி’, ‘ஹாக்ஸ்ப்ராசஸ்’ இரண்டும் நல்ல நல்ல துண்டுகளாக வந்து எங்கேயும் போய்ச் சேராமல் நிற்கின்றன. 2014-இல் வந்த ‘பேல் கம்யூனியன்’ அதைவிடப் பல மடங்கு மேல். ‘ஃபெய்த் இன் அதர்ஸ்’ பாடலின் தந்தி இசைக்கு நானே உருகினேன். எனவே என் வழக்கு மென்குரல் மேல் இல்லை. மழைக்கால ரிஃப்புக்கு ஒரே கேள்வி: புதிய ஆல்பத்திலிருந்து க்ரௌலை எடுத்துவிட்டால் இதே அளவு கொண்டாடுவாயா?

#10 மழைக்கால ரிஃப்

நல்ல கேள்வி, நேராகவே பதில் சொல்கிறேன். எடுத்துவிட்டால் இந்த ஆல்பம் சாயும். ஆனால் நீங்கள் சொல்லும் காரணத்தால் அல்ல.

‘ப்ளாக்வாட்டர் பார்க்’கில் க்ரௌல் பாடலின் கனமான பாதியைச் சுமந்தது. கனமான ரிஃப் வந்தால் க்ரௌல் வரும், கிடார் அடங்கினால் மென்குரல் வரும், பெரும்பாலும் அதுதான் ஒழுங்கு. அடுத்து எந்தக் குரல் என்று ரிஃப்பை வைத்தே சொல்லிவிடலாம். புதிய ஆல்பத்தில் அப்படிச் சொல்ல முடியாது. ரிஃப் கனமாக இருக்கும்போது மென்குரல் வருகிறது. பின்னால் தந்தி இசை மெதுவாக ஓடும்போது உறுமல் வருகிறது. ஒரு வரியின் நடுவிலேயே குரல் மாறுகிறது. குரலைத் தீர்மானிப்பது யார் பேசுகிறார்கள், என்ன மனநிலையில் பேசுகிறார்கள் என்பதுதான். உயிலில் அந்த ஆள் ஒரு வாக்கியத்தில் கனிகிறார், அடுத்த வாக்கியத்தில் சாபம் கொடுக்கிறார். இந்தச் சுதந்திரம் 2008-இல் அவரிடம் இல்லை. ‘தி லோட்டஸ் ஈட்டர்’ பாடலில் ப்ளாஸ்ட் பீட் என்ற அதிவேக ட்ரம் அடியின் மேல் மென்குரலை வைத்து ஒரு சோதனை செய்தார், அவ்வளவுதான். நடுவில் மென்குரலை மட்டும் வைத்து நான்கு ஆல்பம் எழுதியதால்தான் இது சாத்தியமானது என்று நினைக்கிறேன். க்ரௌல் இல்லாமல் கனத்தை எப்படிக் காட்டுவது என்று பத்து வருடத்துக்கு மேல் தேடியிருக்கிறார். கிடைத்தது மெலடி, கோரஸ், மெல்லோட்ரான், தந்தி இசை. இப்போது க்ரௌல் அவற்றோடு ஒன்றாகச் சேர்கிறது.

இயன் ஆண்டர்சனையும் சொல்ல வேண்டும். ஜெத்ரோ டல் என்ற பழைய ப்ரோக் குழுவின் அதே இயன் ஆண்டர்சன். நான்காவது பத்தியில் புல்லாங்குழல் வாசிக்கிறார், வேறு இடங்களில் உயிலின் வரிகளைப் பேசுகிறார். அந்த முதிய ஆங்கிலக் குரலும் க்ரௌலும் ஒரே பாத்திரத்தின் இரண்டு முகமாக நிற்கின்றன. 2001-இன் ஓபெத்தில் இதற்கு இடமே இருந்திருக்காது.

#11 வயலட் வானம்

கடைசிப் பாடலை யாரும் சொல்லவில்லை. ‘எ ஸ்டோரி நெவர் டோல்ட்’. இதற்கு மட்டும் எண் கிடையாது, பெயர் இருக்கிறது, ஒரு உறுமல்கூட இல்லை. உயில் முடிந்துவிட்டது, கிழவர் பேசி முடித்தாயிற்று, அதனால் அவர் குரலுக்கு அங்கே வேலை இல்லை. அதில் ஃப்ரெட்ரிக் ஓகெசன் வாசிக்கும் கிடார் சோலோவை நான் அழாமல் கேட்டதில்லை. க்ரௌல் ஒரு பாத்திரம் என்று #1-இல் சொன்னதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

#12 பறைக்கட்டை

வயலட் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அந்தப் பாட்டில் வாயரினென் எவ்வளவு குறைவாக வாசிக்கிறார் என்றும் பாருங்கள்.

#13 திருச்சி த்ராஷ்

சரி, யார் பேசுகிறார் என்பதை வைத்துக் குரல் மாறுகிறது என்ற வாதம் எனக்குப் பிடிக்கிறது. அப்படி யோசித்து மறுபடி கேட்கிறேன். ஆனால் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன்: எனக்கு அந்தப் பன்னிரண்டு நிமிடப் பொறுமை வேண்டும். இந்த ஆல்பத்தில் ஐந்தாவது பத்தியின் நடுவில் ஒரு ரிஃப் வருகிறது, அதை இரண்டு நிமிடம் ஓட விட்டிருந்தால் உலகமே இடிந்திருக்கும். விடவில்லை, வெட்டிவிட்டுப் போகிறார்கள். கதைக்காக ரிஃப்பைப் பட்டினி போடுவது நியாயமா?

#14 நெய்தல்77

தம்பி, அந்த இடத்தில் உங்களோடு நானும் நிற்கிறேன். ப்ரோக்கிலும் நல்ல குழுக்கள் ஒரு நல்ல கருப்பொருளைச் சீக்கிரம் விடமாட்டார்கள். இந்த ஆல்பத்தின் பெரிய குறை அந்த அவசரம்தான்.

#15 புதுக்காது

எல்லோருக்கும் வணக்கம். நான் ஓபெத் கேட்டதே இல்லை. மெட்டலிகா, அயர்ன் மெய்டன் வரைக்கும்தான் தெரியும். உறுமல் குரல் இதுவரை எனக்கு ஒத்துவரவில்லை. இந்த இழையைப் படித்தபிறகு கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது. எங்கே தொடங்குவது?

#16 மழைக்கால ரிஃப்

புதுக்காது, உங்களுக்கு ‘டேம்னேஷன்’. வேறு யோசனையே வேண்டாம். அது பிடித்தால் ‘பேல் கம்யூனியன்’. அப்புறம் ‘கோஸ்ட் ரெவரீஸ்’, அதில் மெலடி நிறைய இருப்பதால் க்ரௌல் பழகிவிடும். பழகியதும் ‘ப்ளாக்வாட்டர் பார்க்’. புதிய ஆல்பத்தைக் கடைசியில் கேளுங்கள், பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு, முதலிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில். தனித்தனிப் பாடலாக எடுத்தால் பாதி புரியாது.

#17 திருச்சி த்ராஷ்

‘டேம்னேஷன்’ கேட்டு முடித்த அன்றே ‘டெலிவரன்ஸ்’ஸின் தலைப்புப் பாடலையும் கேட்டுவிடுங்கள். பதின்மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடும். கடைசிச் சில நிமிடங்கள் ஒரே ரிஃப்தான் திரும்பத் திரும்ப வரும், பாதியில் நிறுத்தாதீர்கள். நான் எந்தப் பொறுமையைப் பற்றிச் சொல்கிறேன் என்று அப்போது உங்களுக்கே தெரியும். கேட்டுவிட்டு இங்கே வந்து எழுதுங்கள்.